காதின் உயரம்

ஒரு அறையில் நாலு ஸ்பீக்கர் பெட்டி வைப்பதென்றால் முதலில் பெட்டியைப் பார்க்கக் கூடாது. ஆள் எங்கே உட்காரப் போகிறான் என்று பார்க்க வேண்டும். உட்காருகிறவன் காது எந்த உயரத்தில் இருக்கிறதோ, நாலு பெட்டியும் அந்த உயரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அதற்கு மேல் அதில் பெரிய வித்தை இல்லை. இவ்வளவைத் தெரிந்துகொள்ள எனக்கு இருபது நாள் ஆனது.

இன்ஸ்பெக்டர் அய்யாவுக்கு, சித்தூர் மிஷன் காம்பவுண்டுக்குப் பின்னால் குடியிருக்கும் வேதநாயகம் எழுதிக்கொள்வது. வயது ஐம்பத்திரண்டு. ரங்கையா மாங்காய் மண்டியில் கூலி வேலை. நேற்று சனிக்கிழமை ரங்கையா வீட்டு மாடியில் நடந்ததை உங்கள் ரைட்டர் தெலுங்கில் எழுதி, எனக்குப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். பெட்டி தானாக விழுந்தது என்று அதில் இருந்தது. கீழே உட்கார்ந்திருந்து செத்தவன் திருப்பதி ரேடியோ கடை மெக்கானிக் சிட்டிபாபு என்று இருந்தது. இரண்டும் தப்பு. அவன் பெயர் எர்னஸ்ட். என் மகன். அவன் உனக்கு என்ன ஆக வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் பதில் சொல்லவில்லை.

அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவனுக்குச் சொந்தம் என்று யாரும் வரவில்லை, நாளைக் காலையில் தானே எடுத்துப்போய் எரித்துவிடுவதாகக் கடைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களில் எரிக்கிற வழக்கம் இல்லை. என் அப்பனும் என் அண்ணனும் எங்கள் சபைக் கல்லறையில் கிடக்கிறார்கள். அவனும் அங்கேதான் போக வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்கு மன்னிக்கவும். நாற்பத்தொன்றாம் வயதில் சபை நடத்திய முதியோர் வகுப்பில் இந்த எழுத்து ஒன்றுதான் கற்றேன். முதலில் என் பெயரை எழுதச் சொன்னார்கள். நான் மகன் பெயரை எழுதக் கேட்டேன். அந்த ‘ஸ்ட்’ வருவதற்கு எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

நான் கோபக்காரன் இல்லை. மண்டியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். முப்பது வருஷமாகக் கூடை தூக்குகிறேன், ஒருவனையும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ரங்கையாவின் சம்பந்தி நகரியில் இருக்கிறார். அவர் வீட்டில் கலர் டீவியும் வீடியோவும் வாங்கி, இரண்டு பக்கமும் இரண்டு பெரிய பெட்டி வைத்துப் படம் பார்க்கிறார்கள். ரங்கையா அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சம்பந்தி இரண்டு என்றால் தான் நாலு வைக்க வேண்டும், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, சத்தம் தலையைச் சுற்றி வர வேண்டும் என்றார். மாங்காய் சீசன் முடிந்ததும் மெட்ராசுக்கு மூன்று தரம் போனார். ஒவ்வொரு கடையிலும் அவர் கொண்டுபோன ஒரே இசைத்தட்டைப் போடச் சொல்லிக் கேட்டாராம். சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒரு ஆம்ப்ளிஃபையரை வாங்கிவந்தார். அதைத் துணி சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தார். அவர் பேரப் பிள்ளையைக் கூட அப்படி வைத்துக்கொண்டு வந்ததில்லை.

பெட்டி மட்டும் இங்கேயே செய்ய வேண்டும் என்றார். வீணை செய்கிற மரம் எது என்று விசாரித்தார். பலா என்றார்கள். அப்படியானால் பலாவில்தான் பெட்டி என்று முடிவு செய்தார். ஆசாரியும் செய்துகொடுத்தார். பலகையை மண்டியிலிருந்து தலையில் சுமந்துபோனவன் நான்.

ஸ்பீக்கரும் வயரும் ஆளும் திருப்பதிக் கடையிலிருந்து வருவதாக ஏற்பாடு. அந்தக் கடையில்தான் எர்னஸ்ட் வேலை செய்தான். ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக் படித்தவன். அவன் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். என் மனைவி ஜெயசீலி கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள்.  அவன் சாப்பிட்டுக் கை கழுவினபிறகு சொன்னான்.

“நைனா, ரங்கையா வூட்டு வேலைக்கு நான்தான் வர்றேன்.”

“வாயேன்டா. வேல முடிச்சிட்டு ராத்திரிக்கு இங்கயே துன்னு.”

“அது இல்ல நைனா. அங்க நீ என்னைப் பேர் சொல்லிக் கூப்டாத. தெரிஞ்சவனாட்டம் காட்டிக்காத. அங்க என் பேரு சிட்டிபாபு.”

ஜெயசீலி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “சபை அய்யரு தண்ணி தெளிச்சு வெச்ச பேருடா அது. திருப்பதில இன்னா, தண்ணி மாத்தித் தெளிச்சாங்களா?”

“எம்மா, எர்னஸ்ட்டுன்னா எவனும் ரூம் குடுக்கலம்மா. ஆறு வூடு ஏறி எறங்கினேன். எந்த ஊரு, எந்தத் தெரு, உங்கப்பா இன்னா பண்றாரு. ஏழாவது வூட்ல சிட்டிபாபுன்னேன், குட்த்துட்டான். கடைலயும் அதே பேரு ஒட்டிக்கிச்சு. மலை மேல சத்திரத்துல மைக் செட்டு ரிப்பேருன்னா இப்ப என்னைத்தான் அனுப்பறாரு ஓனரு. இவுரு அங்க வந்து ‘டேய் எர்னஸ்ட்டு’ன்னா, அன்னிக்கே எல்லாம் பூடும்.”

“அப்ப உங்கப்பா இன்னான்னு சொன்ன அவனாண்ட?”

அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான். “செத்துப்பூட்டாருன்னு சொன்னேன். அதுக்கப்பறம் கேள்வி கேக்க மாட்டாங்க.”

 நான் சரி என்றேன். பிள்ளை பிழைப்பு. அதில் கோபப்பட என்ன இருக்கிறது. அன்று அவனை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் எங்களைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று அவன் பத்தடி முன்னால் நடந்தான். நான் அவன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அப்படிப் போனால் கூலிக்காரன் என்றுதான் நினைப்பார்கள்.

அவன் வேனில் வந்து இறங்கினான். ரங்கையா வாசலுக்கே வந்து, “வாங்க சிட்டிபாபு காரு” என்று மரியாதையாகக் கூட்டிப்போனார். வீட்டம்மா ஜெயம்மா வெள்ளி டம்ளரில் மோர் கொடுத்தார். அவன் குடித்தான். ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு நான் பின்படியில் ஏறினேன். மாடிக்கு எனக்குப் பின்படிதான்.

பலாப் பெட்டியை விரலால் தட்டிப் பார்த்து அவன் சிரித்தான். வீணைக்குப் பெட்டி பாட வேண்டும், இதற்குப் பெட்டி ஊமையாக இருக்க வேண்டும், ஸ்பீக்கர்தான் பேச வேண்டும் என்றான். ரங்கையாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அதற்கு வழி சொன்னான். உள்ளே இன்னொரு பலகை அடித்து, இரண்டு பலகைக்கும் நடுவில் காய்ந்த மணலை நிரப்பினால் பெட்டி வாயை மூடிக்கொள்ளும். நீவா ஆற்றிலிருந்து மணல் எடுத்துவந்து, சலித்து, இரும்புச் சட்டியில் வறுத்து, நாலு பெட்டிக்கும் நான்தான் போட்டேன். பின்னால் வைக்கிற பெட்டி சின்னது. அதையே இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. அந்தப் பெட்டிகளுக்குப் பின்சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, ஆங்கிள் இரும்பில் ஒரு தாங்கல் அடித்தோம். அறை நீளம் போதாது. அதனால் ரங்கையாவின் சாய்வு நாற்காலி பின்சுவரை ஒட்டித்தான் வரும். வலது பெட்டி நாற்காலியின் தலைமாட்டுக்கு நேர் மேலே வந்தது.

அவன் என்னிடம் பேச வேண்டி வந்தபோது தெலுங்கில் பேசினான். ‘முசலாயனா’ என்று கூப்பிட்டான். கிழவரே என்று அர்த்தம். மரியாதையாகத்தான் கூப்பிட்டான். நானும் தெலுங்கில் பதில் சொன்னேன். வீட்டில் நாங்கள் ஒரு நாளும் தெலுங்கு பேசியதில்லை.

போகும்போது ரங்கையாவிடம் சொன்னான்: “வயர் எல்லாம் கொடுத்தாச்சு. இனிமே பெட்டியைத் திருப்பி வைக்கிறதுதான் பாக்கி. உட்காருற எடத்துல ஒரு ஆளை உட்கார வெச்சு, அவன் சொல்றபடி திருப்புங்க. பத்து நாள் பொறுமையாப் பாத்தீங்கன்னா சரியா வந்துடும்.”

அந்த ஆள் நானானேன். ஆம்ப்ளிஃபையரை ரங்கையா வேறு யாரையும் தொடவிடமாட்டார். ஜெயம்மாவுக்குச் சத்தம் கேட்டாலே தலைவலி. மகன்கள் இருவரும் ஹைதராபாதில். அதனால் மண்டியிலிருந்து தினமும் சாப்பாட்டு வேளைக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டனுப்பினார். நாற்காலியை ஓரமாக நகர்த்தச் சொன்னார். நகர்த்தினேன். அது இருந்த இடத்தில் ஒரு சாக்கை விரித்து உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். அந்த நாற்காலியை நான் தொடக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, அய்யா. துடைக்கும்போது தொடலாம். நகர்த்தும்போது தொடலாம். உட்காருவது என்ற பேச்சு வரவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை. அதுதான் உண்மை.

ஒரே பாட்டை ஐம்பது தரம் போட்டிருப்பார். முதலில் தபேலா முன்பக்கம் கேட்கும், பிறகு வயலின்கள் எல்லாம் பின்பக்கமிருந்து வரும், நடுவில் எல்லாச் சத்தமும் நின்று ஒரு புல்லாங்குழல் மட்டும் தனியாக நெடுநேரம் வரும். அதற்குப் பின் இடி மாதிரி மேளம். வலது பக்கம் சத்தம் கூட என்றால் நான் வலது கையைத் தூக்க வேண்டும். இடது என்றால் இடது கை. வாயைத் திறந்தால் பாட்டு கெடும். நான் கையைத் தூக்கத் தூக்க, பெட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சாய்த்தோம். பின்சுவர்ப் பெட்டிகளுக்கு அடியில் பின்பக்கம் ஆப்பு வைத்துக் குனியவைத்தோம். வழுக்கி விழாமல் முன்னால் ஒரு தடுப்புக் கட்டை திருகினேன். பன்னிரண்டாம் நாள் எனக்கு எல்லாம் சரியாகக் கேட்டது. பொய் சொல்லவில்லை, அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. புல்லாங்குழல்காரன் என் மடியில் உட்கார்ந்து ஊதினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு கையையும் தூக்கினேன்.

ரங்கையா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பாட்டு முடிவதற்குள் எழுந்துவிட்டார்.

“ஏம்ரா, கம்பளி போத்திக்கினு கேக்குற மாதிரி இருக்குது. இதுக்கா ரெண்டு கையும் தூக்கின?”

“எனக்கு நல்லாக் கேட்டுச்சுங்க.”

“உனக்குக் கேட்டா போதுமா? யார் வூட்டு செட்டு இது?”

மறுபடி சாக்கு. மறுபடி கை. எனக்குச் சரியாக வந்தால் அவருக்குக் கெட்டது. என் காதில் மாங்காய்ப் பால் ஒழுகியிருக்கிறது என்றார். வேண்டுமென்றே கெடுக்கிறேன் என்றார். பதினாறாம் நாள் எனக்குக் காரணம் பிடிபட்டது. சாக்கிலிருந்து எழுந்திருக்கும்போது, அரை எழுந்த நிலையில், அவர் சொன்ன கம்பளிச் சத்தம் எனக்கும் கேட்டது. உட்கார்ந்தேன், தெளிந்தது. எழுந்தேன், மூடியது. நான் இருப்பது ஒரு உயரம், அவர் இருப்பது ஒரு உயரம். பெட்டிகள் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

நான் அதைச் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். “நாற்காலி உயரத்துல இருந்து கேட்டாத்தான் தெரியுங்க.”

 அவர் சிரித்தார். “அட, புத்திசாலிதான்ரா நீ. சரி, ஸ்கூல்ல கோட குர்ச்சி போட வெப்பாங்களே, அது மாதிரி நில்லு.”

கோட குர்ச்சி என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாடம் படிக்காத பையனைச் சுவரில் முதுகு சாய்த்து, முட்டியை மடித்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிற்கவைப்பார்கள். நான் பள்ளிக்கூடம் போனதில்லை. அந்தத் தண்டனையை என் ஐம்பத்திரண்டாம் வயதில்தான் முதலில் வாங்கினேன். எனக்குச் சுவரும் கொடுக்கவில்லை. முதுகு பட்டால் சத்தம் மாறுமாம். நாற்காலி இரண்டடி தள்ளிக் காலியாக இருந்தது. அதன் பக்கத்தில், அதன் உயரத்துக்கு, நான் காற்றில் உட்கார்ந்தேன். தொடை நடுங்கியது. முட்டியில் மூட்டை தூக்கிய பழைய வலி வேறு. கை தூக்கினால் சாய்ந்துவிடுவேன் என்று தலையை ஆட்டச் சொன்னார். பாட்டு பாதியில் விழுந்துவிட்டேன். ஜெயம்மா படியில் நின்று பார்த்தார். “பாவங்க, விடுங்க” என்றார். “ஒரு பாட்டுக்கூட உட்கார முடியல, இவன் முப்பது வருஷம் மூட்டை தூக்கினானாம்” என்றார் ரங்கையா. மூன்று நாள் அப்படி நடந்தது. நாலாம் நாள் என்னால் மண்டிப் படி ஏற முடியவில்லை. அதற்கும் நான் கோபப்படவில்லை. யோசித்தேன், அவ்வளவுதான்.

சத்தம் பெட்டியை நகர்த்தும் என்பது எனக்குத் தெரியும். முன்னால் இருந்த பெட்டிகள் சாய்வாக இருந்ததால், மேளம் அதிரும்போதெல்லாம் மயிரளவு மயிரளவாக முன்னால் வரும். காலையில் ஒரு விரல்கடை பின்னால் தள்ளிவைப்பது என் வேலை. பின்சுவர்ப் பெட்டியின் சாய்வு இன்னும் அதிகம். தடுப்புக் கட்டை இல்லாவிட்டால் அது ஒரு பாட்டு தாங்கும், மிஞ்சினால் ஒன்றரை.

நேற்று ரங்கையா சாப்பிட்டுவிட்டுப் படுத்தபோது, துடைக்கிற சாக்கில் மாடிக்குப் போய் வலது பெட்டியின் தடுப்புக் கட்டையைக் கழற்றினேன். நாலு திருகு. பெட்டியைத் தாங்கலின் விளிம்புக்கு இழுத்து வைத்தேன். நாற்காலியை அதன் இடத்தில் போட்டேன். அவர் ஐந்து மணிக்கு வந்து உட்காருவார். நான் ரங்கையாவைக் கொல்லத்தான் செய்தேன். அதை மறைக்கவில்லை. அந்தச் சாய்வை வைத்தது அவர். மணலைப் போடச் சொன்னது கடை மெக்கானிக். சாய்வு எப்படி வந்தது? என்னைத் தரையில் உட்காரவைத்ததால் வந்தது. ஒரு முறை, ஒரே ஒரு முறை, அந்த நாற்காலியில் என்னை உட்காரவிட்டிருந்தால் பெட்டி இவ்வளவு குனிந்திருக்காது. நான் எடுத்தது ஒரு சாண் கட்டை மட்டும்.

மூன்றரை மணிக்கு வேன் சத்தம் கேட்டது. ரங்கையா முந்தின நாளே திருப்பதிக்குப் போன் போட்டிருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. எனக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

எர்னஸ்ட் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். முன்படியில் ஏறிவந்தான். நான் சுவரோரம் துணியோடு நின்றேன். அறைக்குள் வந்ததும் முன்பெட்டிகளைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், சாக்கைப் பார்த்தான். அவன் வேலை தெரிந்தவன். உடனே புரிந்துவிட்டது.

“இதை யாரு தரையில உட்கார்ந்து செட் பண்ணது?” என்று ரங்கையாவைக் கேட்டான்.

ரங்கையா தாடையால் என்னைக் காட்டினார். “இதோ, நம்ம சங்கீத வித்வான்.”

எர்னஸ்ட் என்னைப் பார்த்தான். நான் நினைத்தேன், அவன் முகம் ஏதாவது ஆகும் என்று. அவன் சிரித்தான். ரங்கையாவோடு சேர்ந்து சிரித்தான். “முசலாயன காது தரைலயே பழகிப்போச்சு சார். மேல இருக்குற சத்தம் அவருக்கு எப்படித் தெரியும்?”

நல்ல பகடி. ரங்கையா தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

“ஒரு பாட்டுக் கேக்கறேன். கேட்டுட்டு எல்லாத்தையும் நிமிர்த்திடலாம்” என்றான். ரங்கையா நாற்காலியைக் காட்டி, “உட்காருங்க, உட்காருங்க” என்றார். அவன் உட்கார்ந்தான். துடைக்கவில்லை, கேட்கவில்லை, கையை இரண்டு பக்கமும் போட்டு, காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தான். பிறந்ததிலிருந்து அதில்தான் உட்கார்ந்து வளர்ந்தவன் மாதிரி. ரங்கையா ஆம்ப்ளிஃபையர் பக்கம் போய், சத்தத்தைக் கூட்டினார்.

ரைட்டர் எழுதியதில் ‘கூலியாள் அப்போது அறையில் இல்லை’ என்று இருக்கிறது. பெட்டி விழுந்தபோது இல்லை. அதற்கு முன் இருந்தேன். அதைத்தான் இப்போது சொல்ல வேண்டும். செத்தவன் என் மகன் என்று சொல்லிப் பிணத்தைக் கேட்டால், ‘அப்பன் பக்கத்திலேயே இருந்தாயே, ஏன் கூப்பிடவில்லை’ என்று கேட்பீர்கள். கேட்பது நியாயம்.

பெட்டி நகர்வதைப் பார்த்தேன். தபேலாவுக்கு ஒரு அரிசியளவு. வயலினுக்கு அசையவில்லை. பிறகு தபேலா மறுபடி வந்தபோது ஒரு அரை விரல். சத்தத்தில் கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்காது என்று நீங்கள் எனக்காகச் சொல்லலாம். அப்படி எழுத வேண்டாம். நடுவில் அந்தப் புல்லாங்குழல் இடம் வந்தது. எல்லாச் சத்தமும் நின்றது. கொசு பறந்தால் கேட்கும். பெட்டியும் அந்த நேரம் நின்றது. ஒரு வார்த்தை போதும். அவன் பெயர் கூட வேண்டாம், ‘எழுந்திரு’ என்றால் போதும். தெலுங்கில் சொல்லியிருந்தால் அவன் என் மகன் என்று ரங்கையாவுக்குத் தெரிந்திருக்காது. அவன் பிழைப்பும் போயிருக்காது. இதையெல்லாம் நான் அப்போதே யோசித்தேன். யோசிக்க நேரம் இருந்தது.

அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். ரங்கையாவுக்குக் கேட்கட்டும் என்று தெலுங்கில், கொஞ்சம் அதட்டலாகச் சொன்னான்: வேனில் என் பை இருக்கிறது, பதிமூன்றாம் நம்பர் ஸ்பானர் எடுத்துக்கொண்டு வா, முசலாயனா, சீக்கிரம்.

நான் போனேன். பின்படி வழியாக இறங்கினேன். முட்டி வலியால் மெல்லத்தான் இறங்க முடியும். வேனில் பையைத் திறந்தேன். உள்ளே பத்துப் பன்னிரண்டு ஸ்பானர் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து நம்பரைப் படித்தேன். பதிமூன்று அடியில் கிடந்தது. அதைக் கையில் எடுத்தபோது மேளம் தொடங்கியது. அப்புறம் அந்தச் சத்தம் வந்தது. பாட்டு அதற்குப் பிறகும் முடிகிறவரை ஓடியது. ரங்கையாவுக்கு அதை நிறுத்தத் தோன்றவில்லை.

ஜெயசீலிக்கு இன்னும் சொல்லவில்லை. இன்று காலை கோயிலுக்குப் போய்வந்து, அடுத்த ஞாயிறு அவன் வருவான் என்று கருவாடு ஊறப்போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் ஆள் அனுப்பும்போது பெண் போலீஸ் யாராவது கூட இருந்தால் நல்லது. கல்லறையில் என் அண்ணனுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. சிலுவையில் எர்னஸ்ட் என்று எழுத வேண்டும். சிட்டிபாபு என்று எந்தக் காகிதத்திலும் வேண்டாம்.

எனக்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ரங்கையாவுக்கு வைத்ததற்கு நான் குற்றவாளி. ஆனால் பிள்ளையைக் கொன்றவன் என்று மட்டும் எழுதாதீர்கள், அது நியாயம் இல்லை. அந்த அறையில் அவனுக்கு அப்பன் என்று யாரும் இல்லை. அப்பன் செத்துவிட்டான் என்று அவனே சொல்லிவைத்திருந்தான். புல்லாங்குழல் ஊதிய அந்த நேரத்தில் அவன் என்னைப் பார்த்து ‘நைனா’ என்று ஒரு தரம் கூப்பிட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அவன் கூலியாளைக் கூப்பிட்டான். கூலியாள், சொன்ன ஸ்பானரைச் சரியாகத்தான் எடுத்து வந்தேன்.